முதல் இரண்டு நாள் காகிதங்கள்: குற்ற வழக்கு விசாரணை பற்றி வாசகர் கேள்விகள், வழக்கறிஞர் பதில்கள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து இந்த முறை வந்த கடிதங்கள் பெரும்பாலும் கொலை, சந்தேக மரணம், குழந்தைகள் மீதான குற்றம் பற்றியவை. எல்லாவற்றிலும் ஒரே தவிப்பு தெரிகிறது: 'போலீஸ் என்ன எழுதினார்கள் என்றே எங்களுக்குத் தெரியாது.' பெரிய வழக்குகள் விடுதலையில் முடியும்போது தீர்ப்பை எடுத்துப் பாருங்கள், காரணம் அநேகமாக முதல் இரண்டு நாட்களில் எழுதப்பட்ட, அல்லது எழுதாமல் விடப்பட்ட ஏதோ ஒரு காகிதமாக இருக்கும். அதனால் எந்தக் காகிதம், யார் எழுதுவது, நீங்கள் எதைப் பார்க்க வேண்டும் என்பதையே அதிகம் சொல்கிறேன். 1.7.2024 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதில் பி.என்.எஸ்.எஸ். (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) நடைமுறையில் இருக்கிறது. எண்களைப் புதுச் சட்டப்படி கொடுத்திருக்கிறேன்.

அத்திப்பள்ளி பக்கம் வேலை முடிந்து வரும்போது என் தம்பியைக் கத்தியால் குத்திவிட்டார்கள். ஓசூர் ஆஸ்பத்திரியில் இருக்கிறான். இங்குள்ள ஸ்டேஷனில் 'கர்நாடகா எல்லை, அங்கே போங்க' என்கிறார்கள். அங்கே போனால் திருப்பி அனுப்புகிறார்கள். (ஓசூர்)

இனி அலைய வேண்டாம். சம்பவம் எங்கே நடந்திருந்தாலும், பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் என்றால், எந்த ஸ்டேஷனிலும் தகவலைப் பதிவு செய்தாக வேண்டும் என்று 173ஆவது பிரிவு சொல்கிறது. இதைத்தான் ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்கிறோம். பதிவு செய்துவிட்டு, எல்லை தாண்டிய ஸ்டேஷனுக்கு அனுப்புவது அவர்கள் வேலை. எஃப்.ஐ.ஆர். போடுவது கட்டாயம் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013இலேயே சொல்லிவிட்டது. மறுத்தால், புகாரின் சாராம்சத்தை எழுதி மாவட்ட எஸ்.பி.க்கு ஒப்புகையுடன் விரைவுத் தபாலில் அனுப்புங்கள். அங்கும் அசையவில்லை என்றால் பிரமாண வாக்குமூலத்துடன் மாஜிஸ்திரேட்டிடம் 175(3)இன் கீழ் மனு போடலாம். தபால் ரசீதும் ஒப்புகையும் அந்த மனுவோடு சேர்க்க வேண்டியவை, பத்திரம்.

அதைவிட அவசரமாக ஒன்று. ஆஸ்பத்திரியில் முதலில் பார்த்த டாக்டர் விபத்துப் பதிவேட்டில், அதாவது ஏ.ஆர். காப்பியில், ஒரு வரி எழுதியிருப்பார்: 'தெரிந்த இருவர் கத்தியால் குத்தியதாக', அல்லது 'தெரியாத நபர்கள்' என்று. கூட வந்தவர் பதற்றத்தில் சொன்னது அப்படியே ஏறியிருக்கும். மூன்று வருடம் கழித்து எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கையில் எடுப்பது அந்த வரியைத்தான். தம்பிக்கு ஆட்களைத் தெரியும் என்றால், அவன் பேசும் நிலையில் இருக்கும்போதே போலீஸிடம் பெயர் சொல்லி வாக்குமூலம் கொடுக்கட்டும். உடல்நிலை மோசமாகிறது என்று தெரிந்தால், மாஜிஸ்திரேட்டை வரவழைத்து மரண வாக்குமூலம் பதியச் சொல்லி டாக்டரிடமும் போலீஸிடமும் கேளுங்கள். கேட்கச் சங்கடமான விஷயம்தான். ஆனாலும் கேளுங்கள்.

என் மகளுக்குக் கல்யாணமாகி நான்கு வருடம். புருஷன் வீட்டில் தூக்கில் தொங்கினாள் என்று போன் வந்தது. போலீஸ் 'சந்தேக மரணம்' என்று போட்டிருக்கிறது. கொலை என்று போடச் சொல்லி உடலை வாங்காமல் இருக்கிறோம். (அரூர்)

அம்மா, உங்கள் இழப்புக்கு என்னால் ஆறுதல் சொல்ல முடியாது. செய்ய வேண்டியதை மட்டும் சொல்கிறேன்.

194ஆவது பிரிவில் சந்தேக மரணம் என்று பதிவானதாலேயே வழக்கு செத்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். அது தொடக்கம்தான். பிரேதப் பரிசோதனை அறிக்கையும் வாக்குமூலங்களும் வந்த பிறகு, பிரிவு மாற்ற அறிக்கை தாக்கல் செய்து வரதட்சணை மரணம் (புதுத் தண்டனைச் சட்டமான பி.என்.எஸ். 80) என்றோ, கொலை (103) என்றோ மாற்ற முடியும். மாற்றவும் வேண்டும். 'ஆல்ட்டர்' என்று ஸ்டேஷனில் சொல்வது இதைத்தான். உங்கள் போராட்டம் முதல் நாள் பிரிவு எண்ணுக்காக இருக்க வேண்டாம், அந்த எண்ணை மாற்றக்கூடிய ஆதாரத்துக்காக இருக்கட்டும்.

திருமணமான ஏழு வருடத்துக்குள் பெண் இறந்தால் போலீஸ் விசாரணை மட்டும் போதாது, கோட்டாட்சியர் நேரடியாக விசாரிக்க வேண்டும். உங்களுக்கு அரூர் ஆர்.டி.ஓ. அந்த விசாரணையில் பெற்றோரும் உடன்பிறந்தவர்களும் இருக்கச் சட்டமே இடம் தருகிறது. அங்கே அழுதுகொண்டு 'என் பொண்ணைக் கொன்னுட்டாங்க' என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடுகிறார்கள். பெற்ற மனது அப்படித்தான் பேசும். ஆனால் வழக்குக்கு வேண்டியது தேதியும் சம்பவமும்: எந்தப் பண்டிகைக்கு நகை கேட்டார்கள், எப்போது அடித்துத் தாய்வீட்டுக்கு அனுப்பினார்கள், யார் சமாதானம் பேசிக் கொண்டுபோய் விட்டார்கள், கடைசியாக அவள் போனில் என்ன சொன்னாள். வரதட்சணை மரணத்தில், சாவதற்குச் சற்று முன்புவரை வரதட்சணை கேட்டுக் கொடுமை நடந்தது என்று அரசுத் தரப்பு காட்டிவிட்டால், புதுச் சாட்சியச் சட்டமான பி.எஸ்.ஏ.வின் 118ஆவது பிரிவின்படி நீதிமன்றம் புருஷன் வீட்டார்மீதே அனுமானம் கொள்ளும். இல்லை என்று காட்டும் சுமை அவர்கள் தலையில் ஏறும். அதனால்தான் கடைசி சில மாதத்துப் பேச்சுகள் அவ்வளவு முக்கியம். இன்று இரவே உட்கார்ந்து ஒரு நோட்டில் எழுதுங்கள்.

பிரேதப் பரிசோதனையை வீடியோ எடுக்கவும், இரண்டு டாக்டர்கள் செய்யவும் ஆர்.டி.ஓ.விடம் எழுத்தில் கேளுங்கள். கழுத்துத் தடத்தின் சாய்வு, வேறு காயங்கள் எல்லாம் அதில்தான் பதிவாகும். உள்ளுறுப்பு மாதிரிகள் ஆய்வகத்துக்குப் போகின்றனவா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மகளின் போன் உங்களிடம் இருந்தால் எதையும் அழிக்காமல் அணைத்து, ரசீது வாங்கிக்கொண்டு விசாரணை அதிகாரியிடம் கொடுங்கள். கடிதம் ஏதும் கிடைத்ததாகச் சொன்னால், அவள் கையெழுத்து உள்ள பழைய நோட்டுகளைத் தேடி வையுங்கள். கடைசியாக, உடலை எரிக்காமல் அடக்கம் செய்ய உங்கள் வழக்கம் இடம் கொடுக்குமானால் அடக்கம் செய்யுங்கள். பின்னால் மறுபரிசோதனை தேவைப்பட்டால் அதற்கு வழி இருக்கும்.

பக்கத்து வீட்டுக் கொலைக்குச் சாட்சி சொல்ல 67 வயது அம்மாவை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லிப் போன் மேல் போன். (காரிமங்கலம்)

போக வேண்டியதில்லை. பெண்கள் எந்த வயதானாலும், 60 வயது தாண்டிய யாரானாலும், 15 வயதுக்குட்பட்ட பையன்களும், அவர்கள் வசிக்கும் இடத்தில்தான் விசாரிக்கப்பட வேண்டும் (179). கூப்பிடுவதையும் எழுத்தில் கூப்பிட வேண்டும். 180இன் கீழ் எழுதும் வாக்குமூலத்தில் சாட்சி கையெழுத்துப் போடக் கூடாது என்பதும் சட்டம். அம்மா கண்ணால் பார்த்ததைத் தயங்காமல் சொல்லட்டும்.

எங்கள் மாந்தோப்பில் ஒரு பிணம் கிடந்தது. ஊரே கூடிவிட்டது. போலீஸ் வரும்வரை நாங்கள் என்ன செய்திருக்க வேண்டும்? மகஜரில் (சாட்சிகள் முன்னால் போலீஸ் எழுதும் குறிப்பு) கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள், போடலாமா? (போச்சம்பள்ளி)

கொலை என்று தெரிந்தால் தகவல் சொல்வது ஒவ்வொருவரின் சட்டக் கடமை (33ஆவது பிரிவு). 100 அல்லது 112க்கு அழைத்துவிட்டு, தோப்புக்கு வரும் வழிகளை மறித்து நான்கு பேர் நின்றாலே பெரிய உதவி. ஊர்க்காரர் செருப்புத் தடம் நூறு பதிந்த பிறகு மோப்ப நாயும் பாவம், கைரேகைக்காரரும் பாவம். பிணத்தின் மேல் வேட்டி போர்த்துவது நம் ஊர் மரியாதை, எனக்குப் புரிகிறது. ஆனால் உங்கள் வேட்டியின் நூலும் முடியும் அங்கே ஒட்டிவிடும். மழை வருகிற மாதிரி இருந்தால் கால்தடத்தின் மேல் ஒரு அன்னக்கூடையையோ அண்டாவையோ, தடத்தில் படாமல், கவிழ்த்து வைக்கலாம். வந்த போலீஸிடம் அதைச் சொல்லிவிடுங்கள். பிணத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் சுற்ற விடாதீர்கள். குற்றவாளியைத் தவிர வேறு யாருக்கும் தெரியக் கூடாத விவரம் அதோடு ஊரெல்லாம் போய்விடுகிறது.

ஏழு வருடமும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றங்களில் தடய அறிவியல் நிபுணர் இடத்துக்கு வந்து தடயம் எடுப்பதையும் அதை வீடியோவாகப் பதிவதையும் புதுச் சட்டம் கட்டாயமாக்குகிறது. இதை மாநிலங்கள் முழுமையாகக் கொண்டுவர ஐந்து வருடம்வரை அவகாசம் உண்டு. ஆய்வாளர் உங்கள் முன்னால் பார்வை மகஜரும் மாதிரி வரைபடமும் தயாரிப்பார். ரத்தம் தோய்ந்த மண்ணை ஒரு டப்பாவிலும், சற்றுத் தள்ளி ரத்தம் படாத மண்ணை இன்னொரு டப்பாவிலும் எடுத்து, தனித்தனியாக முத்திரை வைத்துச் சீட்டு ஒட்டுவார். ஒப்பிட்டுப் பார்க்க இரண்டும் வேண்டும்.

கையெழுத்து? உங்கள் கண் முன்னால் எழுதி, படித்துப் பார்த்து, சரியாக இருந்தால் தாராளமாகப் போடுங்கள். வெற்றுத் தாளில் போடாதீர்கள். அங்கே இல்லாத நேரத்தில் எழுதியதிலும் வேண்டாம். ஊரில் ஆள் வராததால் எல்லா மகஜருக்கும் வி.ஏ.ஓ.வும் அவர் உதவியாளருமே சாட்சி என்று ஆகிவிட்டது. நேர்மையான ஊர்க்காரர் ஒருவர் முன்வந்தால் வழக்குக்கு அது தனி பலம்.

மனைவியைக் காணவில்லை. 'ஒரு நாள் பொறுங்க, வந்துடுவாங்க' என்கிறார்கள். (பென்னாகரம்)

24 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. இன்றே புகார் கொடுங்கள், புகாரைப் பெற்றதற்குத் தரும் சி.எஸ்.ஆர். ரசீதோடு நிற்காமல் எஃப்.ஐ.ஆர். கேளுங்கள். 18 வயதுக்குட்பட்டவர் காணாமல் போனால் கடத்தல் அல்லது ஆள் கடத்தல் வணிகம் என்று கருதியே எஃப்.ஐ.ஆர். போட வேண்டும் என்பது 2013 உச்ச நீதிமன்ற உத்தரவு. ஒகேனக்கல் பக்கம் போனதாகச் சந்தேகம் இருந்தால், ஆற்றுக்கு அக்கரை கர்நாடகா என்பதால் அந்தப் பக்க ஸ்டேஷன்களுக்கும் படத்தோடு தகவல் போனதா என்று கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

ராத்திரி மப்டியில் வந்து மகனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். எந்த ஸ்டேஷன் என்றே சொல்லவில்லை. (ஊத்தங்கரை)

கைது என்றால் கைதுக் குறிப்பு எழுதி, குடும்பத்தார் அல்லது அந்தப் பகுதி மதிப்புள்ள ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். கைதுக்கான காரணத்தை அவனுக்கும், எங்கே வைத்திருக்கிறார்கள் என்பதை உங்களுக்கும் சொல்ல வேண்டும். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் மாவட்டத்திலும் கைதானவர் விவரம் வைத்திருக்க ஒரு அதிகாரி நியமிக்கப்பட வேண்டும் என்கிறது 37ஆவது பிரிவு. மாவட்டக் கட்டுப்பாட்டு அறையில் கேளுங்கள், கூடவே எஸ்.பி.க்கு நேரத்தைக் குறிப்பிட்டுத் தந்தியைப் போலச் சுருக்கமாக மின்னஞ்சல் அனுப்புங்கள். பணம் இல்லை என்றால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவச வக்கீல் தரும். 24 மணி நேரம் தாண்டியும் தகவல் இல்லை என்றால் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு. மாஜிஸ்திரேட் முன் நிற்கும்போது அடித்தார்களா என்று கேட்பார்கள். அடித்திருந்தால் அந்த இடத்திலேயே சொல்லச் சொல்லுங்கள். போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் தண்டனைக்கு ஆதாரம் ஆகாது. அதன்பேரில் பொருள் ஏதும் கண்டெடுக்கப்பட்டால், கண்டெடுப்புக்குக் காரணமான பகுதி மட்டும் ஏற்கப்படும்.

15 வயது அக்கா மகளை ஒருவன் கெடுத்துவிட்டான். ஊரில் பேசி அவனுக்கே கட்டிவைக்கலாம் என்கிறார்கள். ஸ்டேஷன் போனால் பெண் பேர் கெட்டுவிடும் என்று அக்கா பயப்படுகிறாள். (தேன்கனிக்கோட்டை வட்டம்)

இந்தப் பேச்சை இன்றே நிறுத்துங்கள். போக்சோ குற்றத்தில் சமரசம் என்பதே கிடையாது. கட்டிவைத்தால் குற்றம் மறையாது. குழந்தைத் திருமணம் நடத்தியவர்கள்மீதும் வழக்கு வரும், இரண்டு வருடம்வரை சிறை. தெரிந்தும் தகவல் சொல்லாமல் இருப்பதும் குற்றம்.

பேர் வெளியே வரும் என்ற பயத்துக்குச் சட்டத்தில் பதில் இருக்கிறது. குழந்தையின் பெயர், படம், பள்ளி எதையும் யாரும் வெளியிடக் கூடாது. அவள் ஸ்டேஷன் படியேற வேண்டியதில்லை. பெண் எஸ்.ஐ. சீருடை இல்லாமல் வீட்டுக்கோ அவள் விரும்பும் இடத்துக்கோ வந்து, அவள் நம்பும் ஒருவரை வைத்துக்கொண்டு, அவள் சொல்வதை எழுத வேண்டும். எஃப்.ஐ.ஆர். போடுவதற்கு முன்பேகூட மருத்துவப் பரிசோதனை செய்யலாம், பெண் டாக்டர்தான் செய்ய வேண்டும். கன்னித்தன்மை பார்க்கும் இருவிரல் சோதனை கூடவே கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2022இல் திரும்பவும் கண்டித்துச் சொன்னது. அன்று அவள் போட்டிருந்த துணியைத் துவைக்காமல் காகிதப் பையில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரம் பட்டு ஆதாரம் கெட்டுவிடும். 1098க்கு அழையுங்கள், குழந்தைகள் நலக் குழு துணைக்கு ஒரு ஆதரவு நபரைத் தரும். அவள் மீது எந்தத் தப்பும் இல்லை என்பதை வீட்டில் உள்ள அத்தனை பேரும் அவள் காது கேட்கச் சொல்லுங்கள்.

அண்ணன் கொலை வழக்கில் எட்டு மாதம் கழித்து 'ஆர்.சி.எஸ்.' என்று ஒரு நோட்டீஸ் வந்திருக்கிறது. புரியவில்லை. (பாலக்கோடு)

வழக்கை முடித்துக்கொள்கிறோம் என்று போலீஸ் மாஜிஸ்திரேட்டுக்கு அறிக்கை அனுப்புவதன் முன்னறிவிப்பு அது. கையெழுத்துப் போட்டு வாங்கினால் சம்மதம் என்று ஆகாது, வாங்கிக்கொள்ளுங்கள். புகார்தாரரைக் கேட்காமல் மாஜிஸ்திரேட் அதை ஏற்கக் கூடாது என்று 1985இல் பகவந்த் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அறிக்கையின் நகல் எடுத்து எதிர்ப்பு மனு போடுங்கள். 'அநியாயம்' என்று எழுதிப் பயனில்லை. எந்தச் சாட்சியை விசாரிக்கவில்லை, எந்த சி.சி.டி.வி. பதிவை எடுக்கவில்லை, எந்தப் போன் விவரத்தைக் கேட்கவில்லை என்று பெயர், இடம், தேதியோடு எழுதினால் மேல்விசாரணைக்கு உத்தரவு கிடைக்க வாய்ப்பு உண்டு. விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்பதை 90 நாளுக்குள் புகார்தாரருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 193ஆவது பிரிவில் இருக்கிறது. உங்களுக்குத் தெரிவிக்கவில்லை என்றால் அதையும் மனுவில் சேருங்கள்.

அடித்தது போலீஸ்காரர்களே என்றால், அதே போலீஸிடம் புகார் கொடுத்து என்ன பயன்? (பாப்பிரெட்டிப்பட்டி)

உங்கள் பக்கத்து ஊர் வாச்சாத்தியை நினைத்துப் பாருங்கள். 20.6.1992 அன்று சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று நுழைந்து, ஊராரை அடித்து, பெண்களைப் பலாத்காரம் செய்தவர்கள் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள். உள்ளூர் விசாரணையில் நியாயம் கிடைக்காது என்று நீதிமன்றம் போனார்கள், 1995இல் சி.பி.ஐ.க்கு மாறியது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் வழக்கு நடக்கும்போதே இறந்துபோக, மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்று 29.9.2011 அன்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 2023இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. பத்தொன்பது வருடம் அந்த மலையடிவாரப் பெண்கள் சொன்ன சொல் மாறாமல் நின்றார்கள். அவ்வளவு காலம் ஆனது அநீதிதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. இன்று உங்களுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாமே என்றுதான் சொல்கிறேன்.

முதலில் அரசு ஆஸ்பத்திரியில் காயத்தைக் காட்டி, யார் அடித்தது என்று ஏ.ஆர். காப்பியில் எழுத வையுங்கள். ஸ்டேஷன்களில் சி.சி.டி.வி. இருக்க வேண்டும் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. சம்பவ நேரத்துப் பதிவை அழிக்காமல் வைக்கும்படி எஸ்.பி.க்கு இந்த வாரமே எழுதுங்கள். மாநில மனித உரிமை ஆணையத்துக்குப் புகார் அனுப்ப, சம்பவம் நடந்த நாளிலிருந்து ஒரு வருடம்தான் கெடு.