பன்னாட்டு கம்பெனிகள் பேசும் சமூகப் பொறுப்பும் நல்ல நிர்வாகமும் தொழிற்சாலைக்குள் உண்மையிலேயே இருக்கிறதா?

கம்பெனிகளின் சான்றிதழை நம்பலாமா என்றும் கேட்டுவிட்டு, எம்பிஏ முடிக்கப் போகிறேன், கம்ப்ளையன்ஸ் வேலைக்கு (ஆலையில் விதிப்படி நடக்கிறதா என்று பார்க்கும் வேலை) அழைப்பு வந்திருக்கிறது என்று கேள்விக்குக் கீழே எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தப் பதில். திருப்பூரில் ஓர் ஏற்றுமதி பனியன் கம்பெனியில் ஒன்பது வருடம் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

முதலில் ஒரு குழப்பம். நீங்கள் சமூகப் பொறுப்பு, அதாவது சிஎஸ்ஆர், என்று சொல்வது கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 135. நிகர லாபம் 5 கோடி, விற்றுமுதல் 1000 கோடி, நிகர மதிப்பு 500 கோடி, இவற்றில் ஏதாவது ஒன்றைத் தொட்ட கம்பெனி கடந்த மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகத்துக்குச் செலவழிக்க வேண்டும். பள்ளிக்கூட பெஞ்சில் கம்பெனி பெயர் எழுதியிருக்குமே, அது. தன் சொந்தத் தொழிலாளிக்கு மட்டும் செய்வது அந்தக் கணக்கில் சேராது. லாபத்தை எப்படிச் செலவழித்தாய் என்று கேட்கிற சட்டம் அது. எப்படிச் சம்பாதித்தாய் என்று கேட்பது வேறு வேலை. உங்களுக்கு வந்திருப்பது இரண்டாவது.

இப்போது என் கதை. 2013 பிப்ரவரி. ஐரோப்பிய பையர் (எங்களிடம் வாங்கும் கம்பெனி) ஒருவருக்குக் குழந்தைகள் உடுப்பு தைத்துக்கொண்டிருந்தோம். வாரத்துக்கு 48 மணி நேரம், ஓவர்டைம் சேர்த்தாலும் 60-ஐத் தாண்டக் கூடாது, ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம் என்பது பையர் கொடுத்த விதி. எங்களிடம் ஓடியது ஒன்றரை ஷிப்ட். காலை எட்டரைக்கு வந்தால் இரவு எட்டரை. ஷிப்மெண்ட் நெருங்கினால் விடியவிடிய. ஆகவே டைம் கார்டு இரண்டு செட். உண்மையானது முதலாளி அறை பீரோவில். ஆடிட்டுக்கானது, அதாவது பையரின் சோதனைக்கானது, என் மேஜையில், எல்லாரும் மாலை 5.30-க்கு வீட்டுக்குப் போய்விடும் அழகான செட். அதை எழுதியது என் கைதான்.

பெங்களூரிலிருந்து ஓர் ஆடிட்டர் பெண் வந்தார், முப்பது வயதுகூட இருக்காது. கார்டைப் பார்த்தார், சம்பளப் பட்டியலைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. பிறகு நீடில் ரிஜிஸ்டரைக் கேட்டார். தெரியாதவர்களுக்காக: தைக்கும்போது ஊசி உடைந்தால் எல்லாத் துண்டையும் தேடி எடுத்து நோட்டில் டேப் போட்டு ஒட்ட வேண்டும். பக்கத்தில் தேதி, நேரம், மெஷின் நம்பர். உடைந்ததைக் கொடுத்தால்தான் புது ஊசி. ஒரு துணுக்கு துணியில் தங்கினால் எங்கோ ஒரு குழந்தையின் முதுகில் குத்தும் என்பதால், அந்த நோட்டில் மட்டும் யாரும் பொய் எழுத மாட்டார்கள்.

"சார், 14-ஆம் நம்பர் மெஷின்ல ராத்திரி 8.10-க்கு ஊசி உடைஞ்சிருக்கு. அன்னிக்கு எல்லாரும் அஞ்சரைக்கே போயிட்டாங்களே, யார் தைச்சது?"

பக்கத்தைப் புரட்டினார். அடுத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. எனக்குக் காது சுட்டது.

ரேட்டிங் இறங்கியது. 90 நாளில் சரிசெய்யச் சொல்லி பையரின் கம்ப்ளையன்ஸ் பிரிவிலிருந்து மெயில். அதே வாரம் அதே பையரின் கொள்முதல் பிரிவிலிருந்து இன்னொரு மெயில்: பீஸுக்கு 5 சென்ட் குறையுங்கள், ஷிப்மெண்ட்டைப் பத்து நாள் முன்னால் அனுப்புங்கள். தாமதமானால் சரக்கை ஏர் பண்ணும், அதாவது விமானத்தில் அனுப்பும், செலவு எங்கள் கம்பெனி தலையில். ஒருமுறை ஏர் பண்ணினால் அந்த ஆர்டரின் லாபம் விமானத்திலேயே போய்விடும். இரண்டு மெயிலையும் அச்செடுத்து முதலாளி மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அவர் சிரித்தார். "எதுக்குங்க முதல்ல பதில் போடறது?"

திருப்பூரைக் கேவலப்படுத்துகிறான் என்று ஒருவர் வருவார், தெரியும். எனக்கும் என் குடும்பத்துக்கும் சோறு போட்ட ஊர் இது. நேர்மையாக ஒரே கணக்கு வைத்திருக்கும் கம்பெனிகளும் உண்டு. இன்னொன்றையும் சொல்கிறேன்: ஐந்தரைக்கு மூடினால் எங்கள் டெய்லர்களே பக்கத்துக் கம்பெனிக்குப் போய்விடுவார்கள். ஒரு ஷிப்ட் கூலியில் வாடகை கட்டி ஊருக்கும் பணம் அனுப்ப முடியாது.

சான்றிதழை நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கராச்சியில் அலி என்டர்பிரைசஸ் என்ற ஆயத்த ஆடைத் தொழிற்சாலை 2012 செப்டம்பர் 11 அன்று எரிந்ததில் 250 பேருக்கு மேல் இறந்தார்கள். சில வாரங்களுக்கு முன்புதான் அதற்கு எஸ்ஏ 8000 என்ற, தொழிலாளர் நிலைமை சரியாக இருக்கிறது என்று சொல்லும் சான்றிதழ் கிடைத்திருந்தது. எங்கள் ஆடிட் முடிந்து இரண்டு மாதத்தில், 2013 ஏப்ரல் 24, டாக்கா அருகே சவாரில் ரானா பிளாசா இடிந்து 1,100-க்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். முந்தின நாளே சுவரில் விரிசல். கீழே இருந்த வங்கி தன் ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டது, மேலே இருந்த கார்மெண்ட்ஸ்காரர்களை மட்டும் மறுநாள் உள்ளே வரவழைத்தார்கள். எங்கள் கேன்டீன் டிவியில் அதைப் பார்த்தபடி யாரும் சாப்பிடவில்லை. அடுத்த வாரமே பையர் மெயில்: கட்டட உறுதிச் சான்று அனுப்பவும். விலை பற்றி ஒரு சொல் இல்லை.

     

அதற்காக எல்லாமே நாடகம் என்று சொல்ல மாட்டேன். ரானா பிளாசாவுக்குப் பிறகு வங்கதேசத்தில் வந்த, ஆலைப் பாதுகாப்புக்கான அக்கார்டு ஒப்பந்தத்தில் 200-க்கும் மேற்பட்ட பிராண்டுகள் கையெழுத்திட்டன. சட்டப்படி கட்டுப்படுத்துவது அது. ஆலையைப் பழுதுபார்க்கப் பணம் கிடைக்கும்படி வியாபார நிபந்தனை பேசுவதும் பிராண்டின் கடமை. 2022-இல் பெண்கள் நடத்தும் தொழிற்சங்கம் ஒன்று ஏற்றுமதி கம்பெனியோடும் எச் அண்ட் எம் என்ற ஆடை பிராண்டோடும் போட்ட திண்டுக்கல் ஒப்பந்தமும் அந்த வகைதான். ஜெர்மனியில் 2023 ஜனவரியிலிருந்து விநியோகச் சங்கிலிக்கென்றே, அதாவது சரக்கு செய்து தரும் ஆலைகளில் நடப்பதற்கும் வாங்கும் கம்பெனியைப் பொறுப்பாக்க, சட்டம் இருக்கிறது. வாங்குகிறவன் கையும் மாட்டுகிற ஏற்பாடுகள் இவை. என் காலத்தில் மாட்டியது எங்கள் கை மட்டும்.

வேலைக்குப் போங்கள். நேர்காணலில் ஒன்று மட்டும் கேளுங்கள்: நான் வேண்டாம் என்று சொன்னால் கொள்முதல் பிரிவு ஆர்டரை நிறுத்துமா?

இவ்வளவு பேசுகிறாயே, ஆடிட்டுக்குப் பிறகு நீ என்ன செய்தாய் என்று கேட்பீர்கள். நீடில் ரிஜிஸ்டரும் இரண்டாகட்டும் என்றார் முதலாளி. அசல் நோட்டில் இருந்த துண்டுகளைப் பிய்த்து ஒட்ட முடியாது. ஸ்டோரிலிருந்து ஒரு பெட்டி புது ஊசி வாங்கி, மதியம் மூன்று மணிக்கு உட்கார்ந்து கட்டிங் பிளேயரால் ஒவ்வொன்றாக உடைத்தேன். செக்கிங்கில் இருந்த அக்கா ஒருவர் பார்த்துக்கொண்டே நின்றார்.

"ஏனுங் சார், புது ஊசிய எதுக்குங் ஒடைக்கிறீங்க?"

"ஆடிட்டுக்கு அக்கா."

"அப்படிங்களா" என்று சொல்லிவிட்டு, தரையில் தெறித்திருந்த ஒரு துண்டைப் பொறுக்கி என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.