சிறுநீர்ப்பைப் புற்றுநோய்: சிறுநீர் டெஸ்ட் போதுமா, ஸ்கோப் வேண்டுமா?

வயது 61. ராயபுரம். துறைமுக வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன். போன மாதம் இரண்டு நாள் சிறுநீர் சிவப்பாகப் போனது, வலியில்லை, தானாக நின்றுவிட்டது. சைட்டாலஜி ரிப்போர்ட்டில் 'புற்றுநோய் செல்கள் இல்லை' என்கிறார்கள். விட்டுவிடலாமா டாக்டர்?

விட்டுவிடாதீர்கள் ஐயா. வலியில்லாமல் வந்து தானாக நின்றதுதான் எனக்குக் கவலை. கல், கிருமித் தொற்று என்றால் பெரும்பாலும் வலியோ எரிச்சலோ இருக்கும். சிறுநீர்ப்பைக் கட்டி சத்தமில்லாமல் கசிந்துவிட்டு மாதக்கணக்கில் அடங்கிக் கிடக்கும். சைட்டாலஜியில், சிறுநீரில் உதிர்ந்து வரும் செல்களை மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறார்கள். வீரியமான கட்டியின் செல்கள் உருக்குலைந்திருப்பதால் பிடிபடும். வீரியம் குறைந்த கட்டியின் செல்கள் நல்ல செல்களைப் போலவே இருக்கும். பாதிக்கு மேல் தப்பிவிடும். அதனால் 'இருக்கிறது' என்று வந்தால் பெரும்பாலும் நம்பலாம், 'இல்லை' என்று வந்தால் நம்பி உட்கார முடியாது. பீடி, சிகரெட் உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. உண்டென்றால் இன்னும் அவசரம். பக்கத்திலேயே ஸ்டான்லியில் யூராலஜி பிரிவு இருக்கிறது. ஸ்கேனும், கேமரா வைத்த குழாயைச் சிறுநீர்ப்பைக்குள் விட்டுப் பார்க்கும் சிஸ்டோஸ்கோப்பியும் (இதுதான் ஸ்கோப்) செய்துகொள்ளுங்கள்.

அப்பாவுக்குச் சிறுநீர்ப்பைக் கட்டியைச் சுரண்டி எடுத்தார்கள். அடிக்கடி ஸ்கோப் என்றதும் பயந்து வர மறுக்கிறார். சிறுநீரை வைத்தே கண்காணிக்க முடியாதா? (வியாசர்பாடி வாசகி)

ஓரளவு முடியும். என்.எம்.பி.22 என்ற புரதத்தை அளக்கும் டெஸ்ட் உண்டு. செல்லின் 3, 7, 17, 9 ஆகிய குரோமோசோம்களில் மாற்றம் இருக்கிறதா என்று பார்க்கும் ஃபிஷ் டெஸ்டும் உண்டு. ஃபிஷ் 2001-லேயே அமெரிக்காவில் கண்காணிப்புக்கு அனுமதி பெற்றது. ஆனால் எல்லாமே ஸ்கோப்புக்குத் துணைதான். கல், தொற்று இருந்தாலே என்.எம்.பி.22 வீணாகப் பயமுறுத்தும்.

முதலில், எடுத்த கட்டியைப் பரிசோதித்த பயாப்சி ரிப்போர்ட்டைப் பாருங்கள் அம்மா. ஆபத்து குறைந்த வகை என்றால், மூன்றாம் மாத ஸ்கோப் சுத்தமாக இருந்தால் அடுத்தது பெரும்பாலும் ஓராண்டு முடியும்போதுதான். வீரியமான வகைக்கு முதல் இரண்டு ஆண்டுகள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தவிர்க்க முடியாது. வளையும் ஸ்கோப், மரப்பு ஜெல் போட்டுச் செய்வார்களா என்று கேளுங்கள். சில நிமிட வேலை. பாதிப் பயம் அதிலேயே போய்விடும்.

காலையில் எழுந்ததும் பிடிக்கும் சிறுநீரைத்தானே கொடுக்க வேண்டும்?

சைட்டாலஜிக்கு வேண்டாம். இரவெல்லாம் பையில் ஊறிய செல்கள் சிதைந்திருக்கும். அடுத்த முறை போவதைப் பிடித்து உடனே லேபில் கொடுங்கள். நம்ம ஊர் வெயிலில் வண்டிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு சுற்ற வேண்டாம். தாமதமானால் ஃபிரிட்ஜில் வையுங்கள்.

சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்காகப் பைக்குள் பி.சி.ஜி. மருந்து ஏற்றிக்கொண்டிருக்கிறேன். சைட்டாலஜியில் 'இயல்பு மாறிய செல்கள்' என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. பயப்பட வேண்டுமா?

மருந்து உண்டாக்கும் அழற்சியிலும் அப்படித் தெரியும். கடைசி டோஸ் தேதியைச் சொல்லுங்கள், சில வாரம் கழித்து மறுபடி பார்ப்பார்கள். 'புற்றுநோய் செல்கள் உண்டு' என்றே வந்து, ஸ்கோப்பில் பை சுத்தமாக இருந்தால், சிறுநீரகத்தையும் அதிலிருந்து பைக்கு வரும் குழாயையும் சி.டி. ஸ்கேனில் பார்த்தாக வேண்டும்.

மணலிப் பக்கம் சாயம் கலக்கும் வேலை, பல வருஷமாக. தொந்தரவு எதுவும் இல்லை. டெஸ்ட் தேவையா?

சாயத் தொழிலாளருக்குச் சிறுநீர்ப்பைக் கட்டி வருவதை ஜெர்மனியில் லுட்விக் ரேன் என்ற அறுவை மருத்துவர் 1895-லேயே சொல்லிவிட்டார். விலை உயர்ந்த டெஸ்ட் எதுவும் வேண்டாம். ஆண்டுக்கு ஒருமுறை சாதாரண சிறுநீர்ப் பரிசோதனையில் சிவப்பணுக்கள் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். இருந்தால் யூராலஜிஸ்டிடம் போய், என்ன வேலை, எந்தச் சாயம் என்பதை முதலில் சொல்லுங்கள். அவராகக் கேட்காமலும் போகலாம்.