தம்பிக்குக் கைமாற்று, கண்ணுக்குக் கடனா?

கேள்வி: எனக்கு 54 வயது. 22 வருடங்களுக்கு முன் இரண்டு கண்ணிலும் கண்ணாடியைத் தவிர்க்க லேசிக் என்ற லேசர் சிகிச்சை செய்துகொண்டேன், அப்போது பவர் மைனஸ் 6. இப்போது இரண்டிலும் கண்புரை. லேசிக் செய்த கண்ணில் உள்ளே வைக்கிற லென்ஸின் பவரைக் கணிப்பது சிரமம் என்கிறார் டாக்டர். நாத்தனார் தூரமும் கிட்டமும் தெரிகிற மல்டிஃபோகல் லென்ஸ் போட்டுக்கொண்டு கண்ணாடியே இல்லாமல் இருக்கிறார், எனக்கும் அதையே சொல்கிறார். இரண்டு கண்ணுக்கும் அதற்கு 5 மாதச் சம்பளம் ஆகும், ஒரே தூரத்துக்கு மட்டும் தெளிவு தருகிற சாதாரண மோனோஃபோகல் என்றால் 2 மாதச் சம்பளம். சேமிப்பிலிருந்து 3 மாதச் சம்பளத்தைப் போன வருடம் தம்பியின் தொழிலுக்குக் கொடுத்தேன், இன்னும் வரவில்லை. மிச்சம் இருப்பது 2 மாதச் சம்பளம், அதையும் இப்போது கேட்கிறான். அதை அவனுக்குக் கொடுத்துவிட்டு, ஆபரேஷனுக்கு 11 சதவீத வட்டியில் 24 மாதத் தவணை எடுக்கலாமா? வீட்டுக் கடனுக்கே சம்பளத்தில் 30 சதவீதம் போகிறது. வேலை முடிந்து இரவில் நானே வண்டி ஓட்டித்தான் வீடு திரும்புகிறேன்.

பதில்: வேண்டாம், சகோதரி. தவணையும் வேண்டாம், தம்பிக்கு இரண்டாவது முறையும் வேண்டாம்.

அந்த 11 சதவீதத்தை முதலில் பாருங்கள். கடைசி மாதம் வரை முழுத்தொகைக்கும் வட்டி போடுகிற கணக்கு என்றால், இரண்டு வருடத்துக்கு 22 சதவீதம். 5 மாதச் சம்பளம் கடன் வாங்கி 6.1 மாதச் சம்பளமாகத் திருப்புகிறீர்கள், அதாவது மாதா மாதம் சம்பளத்தில் கால் பங்கு. அசல் குறையக் குறைய வட்டியும் குறைகிற வழக்கமான கணக்கில் இதைச் சொன்னால் கிட்டத்தட்ட 20 சதவீத வட்டி! வீட்டுக் கடனோடு சேர்த்தால் சம்பளத்தில் 55 சதவீதம் தவணைக்கே போய்விடும்.

சரி, இவ்வளவு கொடுத்தால் கண்ணாடி இல்லாத வாழ்க்கை நிச்சயமா? உங்கள் கண்ணில் அதுதான் நிச்சயமில்லை. லேசிக்கில் உங்கள் கருவிழியின் முன்பக்கத்தை நடுவில் தட்டையாக்கியிருக்கிறார்கள், பின்பக்கம் ஏறக்குறைய பழையபடியே இருக்கிறது. கருவிழியின் பவரை அளக்கிற வழக்கமான கருவியான கெரட்டோமீட்டர் நட்டநடுவை அளக்காமல் அதைச் சுற்றியுள்ள வளையத்தில் அளந்து, முன்னும் பின்னும் வழக்கமான விகிதத்தில்தான் இருக்கும் என்று வைத்துக்கொண்டு ஒரு எண்ணைத் தருகிறது, உங்களைப் போன்றவர்களுக்கு அது நிஜத்தைவிடக் கூடுதலாக வரும். அதில் 1 டயாப்டர் (பவரின் அலகு) பிசகினால் லென்ஸ் பவரும் ஏறக்குறைய அதே அளவு பிசகும். போதாததற்கு, லென்ஸ் கண்ணுக்குள் எந்த ஆழத்தில் போய் உட்காரும் என்பதையும் பழைய சூத்திரங்கள் இதே எண்ணை வைத்துத்தான் ஊகிக்கின்றன. இரண்டு பிசகும் ஒரே பக்கம் இழுப்பதால் வேண்டியதைவிடக் குறைந்த பவர் லென்ஸ் வைத்து, ஆபரேஷன் முடிந்து பார்த்தால் பிளஸ் பவரில் நிற்பீர்கள். தூரமும் மங்கல், கிட்டமும் மங்கல்.

இதைச் சரிக்கட்டத்தான் பேரட் ட்ரூ-கே, ஹைகிஸ்-எல் மாதிரியான சூத்திரங்கள் இருக்கின்றன. லேசிக் செய்த கண்களுக்கென்றே அமெரிக்கக் கண்புரை மற்றும் ஒளிவிலகல் அறுவைச் சிகிச்சைச் சங்கம் இணையத்தில் ஒரு கணிப்பானை வைத்திருக்கிறது, அது இலவசம். உங்கள் டாக்டர் எந்தெந்தச் சூத்திரத்தில் போட்டுப் பார்த்தார், விடைகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு தள்ளி வந்தன என்று கேளுங்கள். லேசிக்குக்கு முந்தைய அளவுகள் எழுதிய பழைய ஃபைல் பீரோவில் எங்காவது கிடந்தால் தேடி எடுத்துக்கொண்டு போங்கள். கண் வறட்சி இருந்தால் அதைச் சரிசெய்துவிட்டு மறுபடி அளக்கச் சொல்லுங்கள், வறண்ட கண்ணில் அளவே மாறிவரும். இதற்கெல்லாம் ஆகும் செலவு லென்ஸ் விலையோடு ஒப்பிட்டால் சொற்பம்தான், ஆனாலும் நீங்கள் எழுதியதில் கணிப்பது சிரமம் என்பதைத் தாண்டி அளவெடுப்பது பற்றி ஒரு வரிகூட இல்லை, லென்ஸின் பெயர்தான் இருக்கிறது.

மல்டிஃபோகல் மோசமான லென்ஸ் இல்லை. உங்கள் நாத்தனார் லேசிக் செய்துகொண்டவரா என்று நீங்கள் எழுதவில்லை, செய்யாதவர் என்றால் அவர் கண்ணை வைத்து உங்கள் கண்ணுக்கு முடிவெடுக்க முடியாது. அந்த லென்ஸ் வெளிச்சத்தைத் தூரத்துக்கும் கிட்டத்துக்கும் பங்கு போடுகிறது, பவர் சற்றுத் தவறினாலும் பார்வையைக் கெடுக்கும், இரவில் எதிரே வரும் விளக்குகளைச் சுற்றி வளையம் காட்டும். ஏற்கெனவே லேசரால் வடிவம் மாறிய கருவிழியில் இந்தத் தொல்லை இன்னும் கூடலாம், நீங்களோ தினமும் இருட்டில் வண்டி ஓட்டுகிறவர்.

என் கணக்கு இதுதான். கையில் இருக்கும் 2 மாதச் சம்பளத்தில் ஒரு கண்ணை மட்டும் மோனோஃபோகலில் முடியுங்கள், 1 மாதச் சம்பளம் ஆகும். பிளஸ் பக்கம் போய்விடாமல் இருக்கக் கொஞ்சம் மைனஸ் பக்கமே, மைனஸ் 0.5 போலக் குறி வைக்கும் வழக்கம் உண்டு, அதைப் பற்றிப் பேசுங்கள். படிக்கக் கண்ணாடி வேண்டியிருக்கும். சில வாரம் பொறுத்து அந்தக் கண்ணின் பவர் நிலைத்த பிறகு கணிப்பு எந்தப் பக்கம், எவ்வளவு தவறியது என்று பார்த்தால் இரண்டாவது கண்ணுக்கு அதுவே நல்ல வழிகாட்டி. இரண்டாவதற்கு எப்போது ஆபரேஷன் என்பதை டாக்டர் சொல்லட்டும். மீதியுள்ள 1 மாதச் சம்பளம் அதற்கு.

அப்புறம், பவர் தவறிவிட்டால் கண்ணாடி போடலாம், மறுபடி லேசர் செய்யலாம், லென்ஸையே மாற்றலாம். இதில் எதற்கும் உங்களிடம் இன்று பணம் இல்லை, அந்தப் பணம் தம்பியிடம் இருக்கிறது. அவரைக் கூப்பிட்டு, "எனக்குக் கண் ஆபரேஷன், வாங்கியதில் மாதம் கால் மாதச் சம்பளம் அளவுக்கு அனுப்பு" என்று தேதி குறித்துச் சொல்லுங்கள். தவணையாக நீங்கள் கட்ட நினைத்த அதே தொகைதான். ஒழுங்காக அனுப்பினால் ஒரு வருடத்தில் 3 மாதச் சம்பளமும் வந்துவிடும். அவர் மனம் நோகும் என்று தயங்காதீர்கள், தொழில் நொடித்தால் அவர் மறுபடி தொடங்கலாம்.

ஆபரேஷனுக்குப் பணம் கட்டும் முன், பவர் தவறினால் திருத்தும் செலவு யாருடையது என்பதை மருத்துவமனையிலிருந்து எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.