மனநல வார்டில் மகளோடு தாய் தங்க முடியாதா?

கேள்வி: என் மகளுக்கு 16 வயது, பிளஸ் ஒன் படிக்கிறாள். சில மாதங்களுக்கு முன்பு தற்கொலைக்கு முயன்றாள். பிழைத்த பிறகு ஒரு தனியார் மனநல மருத்துவமனையில் சேர்த்தோம். “பார்வையாளர் நேரத்தில் வாருங்கள், போதும்” என்று என்னை அனுப்பிவிட்டார்கள். பெரியவர்கள் இருக்கும் வார்டில் வைத்து, ஒரு ராத்திரி கையைக் கட்டிலோடு கட்டியும் போட்டிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்த பிறகுதான் சொன்னாள். இனி எந்த ஆஸ்பத்திரிக்கும் வர மாட்டேன் என்கிறாள். இதைத் தட்டிக்கேட்டால் அவள் மேல் போலீஸ் கேஸ் வருமா?
— வாசகி, திண்டுக்கல்

பதில்: வராது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 309-வது பிரிவு, அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் இடம்பெறவே இல்லை. (அரசு ஊழியரை மிரட்டிப் பணியவைக்கத் தற்கொலைக்கு முயல்வது மட்டும் குற்றம், அது வேறு கதை.) அதற்கு முன்பே, 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-வது பிரிவு, முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதச் சொல்லிவிட்டது.

இப்போது ஆஸ்பத்திரிக்கு வருவோம். அதே சட்டத்தின் 87-வது பிரிவுப்படி, 18 வயது நிரம்பாதவரைப் பெரியவர்களோடு வைக்கக் கூடாது. பெற்றோரோ அவர்கள் நியமிக்கும் ஒருவரோ, சேர்த்த நாள் முதல் டிஸ்சார்ஜ் வரை கூடவே தங்க வேண்டும். அட்மிஷனுக்குக் கையெழுத்துப் போட்டவர் அப்பா என்றால், பெண் குழந்தைக்குத் துணையாக ஒரு பெண் இருந்தே ஆக வேண்டும். உங்களை வீட்டுக்கு அனுப்பிய அன்றே சட்டத்தை மீறிவிட்டார்கள்.

கட்டிப்போட்டதற்கு 97-வது பிரிவு இருக்கிறது. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது, மனநல மருத்துவரின் அனுமதியோடு, தேவையான நேரம் மட்டும் கட்டலாம். காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும். 24 மணி நேரத்துக்குள் பெற்றோருக்குச் சொல்ல வேண்டும். அடம்பிடித்தாள், அழுதாள் என்பதற்காகவெல்லாம் கட்ட முடியாது.

முதல் வேலையாக கேஸ் ஷீட் நகலை எழுத்துமூலம் கேளுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியை மட்டும் நீட்டுவார்கள். அந்த ராத்திரியின் நர்ஸ் குறிப்பும் வேண்டும் என்று குறிப்பிட்டே எழுதுங்கள். அப்புறம், இந்தச் சட்டப்படி புகார்களை விசாரிக்கும் மனநல மறுஆய்வு வாரியத்தில் மனு கொடுக்கலாம், கட்டணம் கிடையாது. இலவச வக்கீல் வேண்டுமென்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு அங்கே வருமான வரம்பு பார்ப்பதில்லை. நடந்ததை மகள் தானாகச் சொல்லும்போது குறித்துக்கொள்ளுங்கள், துருவிக் கேட்காதீர்கள்.

சிகிச்சையை மட்டும் நிறுத்திவிட வேண்டாம். வேறு மருத்துவரிடம், வெளிநோயாளியாகவே தொடரலாமா என்று கேளுங்கள். அவசரமென்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, எந்நேரமும் இலவசம். மறுபடி சேர்க்கவேண்டி வந்தால், அவளுடைய விருப்பத்தையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது 87-வது பிரிவு. “தாய் உடன் தங்குவார்” என்று அட்மிஷன் படிவத்தில் எழுதவைத்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.