அந்த முறுக்கை அம்மா ஏன் தொடவில்லை?

அன்புள்ள அக்கா,

வணக்கம். அம்மாவுக்கு 79 வயது. பட்டர்வொர்த்தில் தனியாக இருக்கிறார். மாதம் ஒருமுறை காரில் போய்ப் பார்த்துவிட்டு மறுநாள் திரும்பிவிடுவேன். போனதும் மருந்துப் பெட்டி, கரண்ட் பில், ஃபிரிட்ஜில் கெட்டுப்போனதை எடுத்து எறிவது, அப்புறம் 'கோலாலம்பூருக்கு வந்துவிடுங்கள்' என்ற பழைய சண்டை. அம்மா சொன்ன கதையையே திரும்பத் திரும்பச் சொல்கிறார். போன தீபாவளிக்கு, அவர் கஷ்டப்படக் கூடாதென்று தங்கச்சி பிரிக்ஃபீல்ட்ஸில் சொல்லிவைத்து முறுக்கு வாங்கி வந்தாள். 'நல்லாத்தான் இருக்கும்' என்றார் அம்மா. ஒன்றைக்கூடத் தொடவில்லை. நாங்கள் கிளம்பும்வரை முகம் சரியில்லை. அவரைப் பார்க்கப் போவதே எனக்கு ஒரு வேலை மாதிரி ஆகிவிட்டது. சொல்லவே கூச்சமாக இருக்கிறது. இருக்கிற காலத்தைச் சந்தோஷமாகக் கழிக்க என்ன வழி?

கே., செராஸ்

தம்பிக்கு,

கூச்சப்பட என்ன இருக்கிறது? உங்கள் கடிதத்தில் இருக்கும் அந்தப் பட்டியலை நானும் பல வருஷம் கையில் வைத்திருந்தவள்தான். என் அம்மாவுக்கு 84. அவரும் அக்கரையில், உங்கள் அம்மா பக்கம்தான். நான் இக்கரையில், பினாங்குத் தீவு ஜார்ஜ்டவுனில் இருப்பதால் புதன்கிழமைதோறும் போய்வர முடிகிறது. உங்களுக்கு அது முடியாது, தெரியும்.

முதலில் முறுக்கு. உங்கள் தங்கச்சி மேல் தப்பில்லை. ஆனால் தீபாவளிக்கு முந்தின வாரம் ஒரு வீட்டில் அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். மாவு எத்தனை கிலோ, எண்ணெய் எது, யார் அடுப்பில் நிற்பது, எந்த வீட்டுக்கு எந்த டின் போகிறது, எல்லாம் உங்கள் அம்மா வாயிலிருந்துதான் வந்திருக்கும். நாற்பது ஐம்பது வருஷமாக. கட்டி ஒட்டி வந்த டப்பாவோடு சேர்த்து அந்த அதிகாரமும் பறிபோனது. அதை எப்படி வாயில் போட்டு மெல்லுவார்?

எங்கள் வீட்டிலும் ஒரு காலத்தில் பத்து கிலோ மாவு. இப்போது ஒரு கிலோ. அம்மாவுக்கு விரலில் பிடிப்பு இல்லை. இரண்டு கையாலும் அழுத்துகிற பழைய மர அச்சைப் பரணில் போட்டுவிட்டு, திருகுகிற அச்சு ஒன்று வாங்கினேன். அதைத் திருகுவது என் மகன். தேங்காய்ப் பால் ஊற்றிப் பிசைவது நான். அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். பச்சை மாவை ஒரு சிட்டிகை நாக்கில் வைத்து, கண்ணை மூடி, 'உப்பு பத்தலை' என்பார். சட்டியில் ஒரு துளி மாவைக் கிள்ளிப் போடச் சொல்லி, அது எழும்புகிற வேகத்தைப் பார்த்து 'இன்னும் காயணும்' என்பார். மூன்று மணி நேரத்தில் அவர் செய்த வேலை அவ்வளவுதான். ஆனால் ராத்திரி பக்கத்து வீட்டுக்காரம்மாவிடம், 'இந்த வருஷம் முறுக்கு நான்தான் சுட்டேன்' என்றார். நாங்கள் யாரும் மறுக்கவில்லை, அது உண்மைதானே.

முறுக்கு போகும் டின்களும் குறைந்துவிட்டன. முன்பு தாமான் (குடியிருப்பு) முழுக்கப் போகும், இப்போது மூன்று வீடு. எந்த மூன்று என்று அம்மாதான் முடிவு செய்வார். எதிர்வீட்டு மலாய் அம்மா, சீனப் பெருநாளுக்கு ஆரஞ்சு கொண்டுவரும் மூலைவீட்டு அங்கிள், மூன்றாவது யார் என்பதில் ஒவ்வொரு வருஷமும் அரசியல். என்னைக் கேட்டால் அந்த அரசியல்தான் தீபாவளியின் பாதி.

தைப்பூசத்தில் நானே சறுக்கியிருக்கிறேன். அம்மாவுக்குப் பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ஏறியே ஆக வேண்டும். 2012இல் கும்பாபிஷேகம் ஆன மலைக்கோயிலுக்கு 513 படி. முழங்கால் கெட்டுப்போன வருஷம், 'உங்களால் முடியாது, வீட்டில் டிவியில் பாருங்கள்' என்று சட்டென்று சொல்லிவிட்டேன். அன்றைக்கு முழுக்க என்னிடம் பேசவில்லை. நான் சொன்னது சரி, சொன்ன விதம்தான் தப்பு. அடுத்த வருஷம், முதல் நாள் ராத்திரியே அவரை என் வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டேன். செட்டிப்பூசத்தன்று, அதாவது தைப்பூசத்துக்கு முதல் நாள், விடியற்காலை பினாங்கு ஸ்திரீட் கோயில் வீட்டிலிருந்து வெள்ளி ரதம் புறப்படுமே, அது வரும் வழியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். 1894இலிருந்து ஓடுகிற ரதம். 2017 முதல் தங்க ரதமும் வருகிறது, ஆனால் அம்மாவுக்கு ரதம் என்றால் இதுதான். பக்கத்தில் ஒரு சீனக் குடும்பம் மூட்டை மூட்டையாகத் தேங்காயை வைத்துக்கொண்டு நின்றது. ரதம் நெருங்கியதும் ரோடு முழுக்கத் தேங்காய்த் தண்ணீர், அம்மாவின் சேலை நனைந்து ஒரே சிரிப்பு. 'சாமியே இறங்கி வருது, நான் ஏன் ஏறணும்' என்றார். அதற்கப்புறம் படியைப் பற்றிப் பேச்சே இல்லை.

சொன்ன கதையையே சொல்கிறார் என்கிறீர்கள். என் அம்மாவுக்கும் ஒரு கதை உண்டு. செபராங் பிறைத் தோட்டத்தில், இருட்டில் பெரட்டுக்கு (வேலைக்கு முன் ஆள் கணக்கெடுப்புக்கு) போகும்போது பாம்பை மிதித்த கதை. நூறு தடவை கேட்டிருப்பேன். ஒருநாள் இதைப் பதிவு செய்து வைப்போம் என்று போனை முன்னால் நீட்டினேன். அம்மா உடனே மின்னல் எஃப்எம் அறிவிப்பாளர் மாதிரி சுத்தத் தமிழில் ஆரம்பித்துவிட்டார். பாம்பு 'சர்ப்பம்' ஆகிவிட்டது. போனை அணைத்துவிட்டேன்.

கை வேலையாக இருந்தால்தான் பேச்சு தானாக வருகிறது. அதனால் போகும்போது ஒரு கட்டு முருங்கைக்கீரையோ, கால் கிலோ காய்ந்த நெத்திலியோ வாங்கிப் போகிறேன். பேப்பரை விரித்து இரண்டு பேரும் கீரை உருவ உட்காருவோம். முகத்தைப் பார்த்துப் பேச வேண்டியதில்லை, அது ஒரு வசதி. பாம்புக் கதை வரும்போது நடுவில், 'அப்போ கையில என்ன விளக்கு?' என்று கேட்டேன். விளக்கில் தொடங்கி, அதை வாங்கித் தந்த பெரியப்பா, அவர் ஏன் தோட்டத்தை விட்டு ஓடினார் என்று போனது. நூறு தடவையில் கேட்காத கதை அது.

(ஒன்று மட்டும் இடையில். கதையைத் திரும்பச் சொல்வது வேறு. அடுப்பை அணைக்க மறப்பது, பழகின கடைக்குப் போய் வழி தெரியாமல் நிற்பது வேறு. அப்படி ஏதாவது கண்ணில் பட்டால், வயசுதான் என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.)

அப்புறம் வேலைகள். அவை ஒழியாது. வந்து சாப்பிட்டதும் ஒரு மணி நேரத்தில் பில், மருந்து எல்லாவற்றையும் முடித்துவிடுங்கள். ஃபிரிட்ஜில் எதையும் கேட்காமல் எறியாதீர்கள். இடம் மாறும் பேச்சை ஒவ்வொரு தடவையும் எடுக்காதீர்கள். அதற்கென்று வருஷத்தில் ஒருநாள், தங்கச்சியும் இருக்கும்போது வையுங்கள். காரில் போகாமல் இடிஎஸ் ரயிலில் போய்ப் பாருங்கள், கேஎல் சென்ட்ரலிலிருந்து ஏறக்குறைய நாலு மணி நேரம், பட்டர்வொர்த் ஸ்டேஷனிலேயே இறங்கலாம். களைத்துப்போய் வாசலில் நிற்கிற பிள்ளையைப் பார்த்ததும் அம்மாவும் விருந்தாளியைக் கவனிக்கிற பரபரப்புக்குப் போய்விடுகிறார்.

ஸ்டேஷனை ஒட்டியே ஃபெர்ரித் துறை. அம்மாவால் முடிந்தால் ஒருநாள் சும்மா பினாங்குத் தீவுக்கு வந்து திரும்புங்கள். கார் ஏற்றுகிற பழைய இரட்டை மாடி ஃபெர்ரிகள் 2020 கடைசியோடு நின்றுவிட்டன. 2023இல் வந்த புதியவற்றை என் அம்மா 'தண்ணி பஸ்' என்பார். திட்டிக்கொண்டே ஏறுவார், ஜன்னலோரம்தான் வேண்டும் என்பார்.

எல்லா நாளும் இப்படி இனிக்கும் என்று நினைக்காதீர்கள். பாதி புதன்கிழமைகளில் நாங்கள் சீரியல் பார்க்கிறோம், அவர் தூங்கிவிடுகிறார், நான் கடிகாரத்தைப் பார்க்கிறேன். அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்கிறேன்.

தீபாவளிக்கு முதல் நாள் உங்கள் வீட்டில் படையல் போடுவீர்கள்தானே? அப்பாவுக்குப் பிடித்ததெல்லாம் இலையில் வைப்பீர்கள். இந்தத் தடவை இலையில் வைக்கிற முறுக்கு அம்மா உப்புப் பார்த்ததாக இருக்கட்டும். ஒரு கிலோ மாவு போதும். அரிசி மாவுக்கு உளுந்து மாவு என்ன கணக்கு என்று இப்போதே போன் போட்டு அவரிடம் கேளுங்கள், கேட்டு எனக்கும் எழுதுங்கள். என் அம்மா கணக்கு நாலுக்கு ஒன்று. அஞ்சுக்கு ஒன்று போடுகிறவர்களைப் பற்றி அவர் சொல்வதை இங்கே எழுத முடியாது.