ஐஸ் உருகியும் வெப்பநிலை ஏறாதது ஏன்?

மண்டபம் ஊரில் அப்பாவின் மீன் பெட்டிக்குள் தெர்மாமீட்டர் வைத்தால், ஐஸ் உருகிக்கொண்டே இருந்தும் 0 டிகிரியைத் தாண்டவில்லை, உள்ளே போன ஆற்றல் எங்கே என்று கேட்டிருந்தீர்கள். தெர்மாமீட்டரில் பழுது இல்லை நண்பரே. வெப்பநிலையும் ஆற்றலின் அளவும் ஒன்று என்று நினைப்பதால் வரும் குழப்பம்தான். என்ட்ரோபியை (மூலக்கூறுகள் எத்தனை விதமாக அமையலாம் என்பதன் அளவு) ஓர் அலகு கூட்ட எவ்வளவு ஆற்றல் தேவை என்பதே வெப்பநிலை.

ஒரு கிலோ ஐஸ் உருக சுமார் 334 கிலோஜூல் வேண்டும். படிக அடுக்கைக் கலைக்கவே அது செலவாகிறது. மூலக்கூறுகளின் சராசரி வேகம் கூடுவதில்லை. 334-ஐ 273 கெல்வினால் (அதாவது 0 டிகிரி) வகுங்கள்: ஐஸின் என்ட்ரோபி 1.22 கிலோஜூல்/கெல்வின் கூடுகிறது. அதே ஆற்றலை இழக்கும் 30 டிகிரி காற்றுக்கு (303 கெல்வின்) 1.10தான் குறைகிறது. மொத்த என்ட்ரோபியில் 0.12 லாபம். வெப்பம் எதிர்த்திசையில் தானாக ஓடினால் நஷ்டம்; மொத்த என்ட்ரோபி தானாகக் குறையாது, அதனால்தான் ஓடுவதில்லை. பாடப்புத்தகம் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினால் பாதிப் பேருக்குக் குழப்பமே வராது.

அப்புறம், நொறுக்கிய ஐஸில் வாலிநோக்கம் கல்லுப்பைக் கலந்து பாருங்கள். உருகும் நீர் உப்போடு கலப்பதால் என்ட்ரோபி இன்னும் கூடும். ஐஸ் தன்னிடமிருந்தே ஆற்றலை எடுத்து உருகி, 0-க்குக் கீழே இறங்கும். சரியான விகிதத்தில் −21 வரை போகும். தனிப் பாத்திரத்தில் செய்யுங்கள், பெட்டியில் போட்டால் மீன் உறைந்து அப்பாவிடம் திட்டு விழும்.