1969 ஹோண்டா சிபி750 'சேண்ட்காஸ்ட்': ஏன் இவ்வளவு விலை, எதைப் பார்த்து வாங்குவது?

முதலில் 'சேண்ட்காஸ்ட்' (மணல் அச்சு வார்ப்பு) என்ற பெயரே தவறு. ஆரம்பகால சிபி750 பைக்குகளின் கிராங்க்கேஸ் (எஞ்சினின் அடிப்பகுதி உறை) மணல் அச்சில் வார்த்தது அல்ல, உலோக அச்சில் வார்த்ததுதான். மேல்பரப்பு சொரசொரப்பாக இருந்ததால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அப்படி வந்தவை சுமார் 7,400 மட்டுமே, அதனால்தான் இந்த விலை. நான்கு சிலிண்டர், 736 சிசி, முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக் எல்லாம் பின்னால் வந்த வண்டிகளிலும் உண்டு.

விற்பவர் காட்டும் படத்தில் பெயின்ட் பளபளப்பில் மயங்காதீர்கள். எஞ்சின் எண் 1007414-ஐத் தாண்டியிருந்தால் அது சேண்ட்காஸ்ட் இல்லை. எஞ்சின் எண்ணும் ஃபிரேம் எண்ணும் ஒன்றாக இல்லையே என்று பதற வேண்டாம். ஹோண்டா அப்படிப் பொருத்தி அனுப்பவில்லை. இரண்டு எண்களும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருந்தால் சரி.

அப்புறம், முன் ஸ்பிராக்கெட்டின் (செயினை ஓட்டும் பல்சக்கரத்தின்) மூடியைக் கழற்றச் சொல்லி, டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். அந்தக் காலத்துச் செயின் அறுந்தால் நேராகக் கிராங்க்கேஸைத்தான் உடைக்கும். வெல்டிங் தழும்பு தெரிந்தால் விலையைத் தாராளமாகக் குறைத்துக் கேட்கலாம். கழற்ற மாட்டேன் என்று அவர் இழுத்தால், நான் அந்த வண்டியை விட்டுவிடுவேன்.